இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து

2006 மார்ச்சில் ஈரானிலிருந்து வந்த பொதியைப் பிரித்து முதல் படத்தைப் பார்த்ததுமே, கை மாறியிருப்பதைப் பிரமிளா கண்டுகொண்டாள்.

ஷூர்தஷ்த் காப்பகத்தில் பன்னிரண்டு கமராக்கள் இருந்தன. தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்திலும் வறண்ட ஆற்றுப் படுகைகளிலும் கற்களுக்கு நடுவே பொருத்தப்பட்டவை. முன்னால் எது அசைந்தாலும் தாமாகவே படம் பிடிக்கும். ஒவ்வொரு முறை ஃபிலிம் மாற்றும்போதும், கமரா வேலை செய்கிறதா என்று பார்க்கக் காவலர் ஒருவர் தன் உள்ளங்கையை அதன் முன்னால் காட்டுவார். அதனால் ஒவ்வொரு சுருளிலும் முதல் படம் ஒரு கை. மூன்று வருடமாக அது ஒரே கைதான். சுட்டுவிரலின் நுனி இல்லாத, வெயிலில் வெடித்துப்போன, வயதான கை. தலைமைக் காவலர் குலாம்ரெசாவின் கை. அவருடைய முகத்தைப் பிரமிளா கண்டதில்லை. பெயரும் கையும் மட்டும் தெரியும்.

இந்த முறை பன்னிரண்டு சுருளிலும் வேறு யாருடையதோ கை. பருத்த விரல்கள், வெள்ளி மோதிரம்.

அலுவலகம் லூயிஷாம் சந்தைக்குப் பின்னால், சாவி வெட்டும் கடை ஒன்றின் மேலே, இரண்டு அறைகள். அழிந்துகொண்டிருக்கும் ஆசியச் சிவிங்கிப்புலிகளுக்காக நடத்தப்பட்ட சின்னத் தொண்டு நிறுவனம் அது. வருகிற படங்களைப் பிரித்துக் கொம்பியூட்டரில் ஏற்றுவது பிரமிளாவின் வேலை. வாரத்தில் மூன்று நாள், பகல் பன்னிரண்டரை முதல் ஐந்து மணி வரை. அதற்கு முன்னால், காலை ஐந்து மணியிலிருந்து பதினொன்று வரை, சூப்பர் மார்க்கெட் ஒன்றின் பேக்கரியில் நின்றுகொண்டே வேலை. அலுவலகக் கதிரையில் உட்காரும்போது கால்கள் இரண்டும் தனியே வலிக்கத் தொடங்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அவள் விலங்கியல் படித்தவள். லண்டனுக்கு வந்து பதினோராவது வருடத்தில்தான் அந்தப் படிப்புக்குப் பக்கத்தில் ஒரு வேலை கிடைத்தது. அதனால் வலியைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

நூறு படத்தில் தொண்ணூறு, காற்றில் ஆடும் புதர். மிச்சத்தில் ஒட்டகம், நரி, முள்ளம்பன்றி, காட்டாடு. எப்போதாவது ஒரு சிவிங்கி. மெலிந்த வயிறு, கண்ணிலிருந்து வாய் வரை கறுத்த கோடு, பின்னால் உப்புப் பூத்த வெளி. அது வந்த நாளில் நிறுவனத்தின் பணிப்பாளர் பியற்றிஸ் தேத்தண்ணீரோடு பிஸ்கட் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வருவார். அறுபது வயது ஆங்கிலப் பெண்மணி. குளிர்காலம் முழுவதும் ஒரே பச்சை ஸ்வெட்டரைப் போடுகிறவர்.

அன்றைக்குப் பிரமிளா அவருடைய அறைக்குப் போய்க் கதவருகே நின்றாள்.

"குலாம்ரெசாவுக்கு என்ன நடந்தது?"

பியற்றிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "யார் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லவில்லை. படத்தில் இருக்கும் கை அவருடையது இல்லை."

பியற்றிஸ் கண்ணாடியை மேசையில் வைத்தார். பிறகு, அவரை ஜனவரியில் வேலையிலிருந்து இடைநிறுத்திவிட்டார்கள் என்றார். மாகாண வனவிலங்குத் திணைக்களம் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகளில் ஆள் வைத்து, காலடித் தடங்களைப் பார்த்து, சொந்தமாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருந்தது. அவர்கள் கண்டது ஆறு சிவிங்கிகள். ஆனால் 2003இலிருந்து லண்டன் வெளியிடும் துண்டுப்பிரசுரங்களில் எல்லாம் பதினொன்று என்றுதான் இருந்தது. அப்படியானால் ஐந்து எங்கே? தோலுக்காக வேட்டைக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தாரா? இருபத்திரண்டு வருடம் அந்த வெளியில் வேலை செய்த மனிதரிடம் இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் விசாரணை அவர்களுடையது. நாங்கள் தலையிட முடியாது," என்றார் பியற்றிஸ். ஃபக்ஸில் வந்த இரண்டு தாள்களை எடுத்துக் கொடுத்தார். விசாரணைக் குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு.

பிரமிளா தன் மேசைக்கு வந்து வாசித்தாள்.

மற்ற ஐந்தும் எங்கே என்று கேட்டிருந்தார்கள். அவற்றை நான் கண்டதில்லை என்று அவர் சொல்லியிருந்தார். பதினொன்று என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று கேட்டிருந்தார்கள். அந்த எண் லண்டனிலிருந்து வந்தது, படங்களைப் பார்த்தவர்கள் அவர்கள், என் கண்ணுக்குத் தப்பியது கமராவில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்லியிருந்தார். அதற்கு அடுத்த கேள்வி: முன்பு ஒன்று சொன்னீர்கள், இப்போது வேறொன்று சொல்கிறீர்கள். எது உண்மை?

அந்த வரியில் பிரமிளா நின்றுவிட்டாள்.

1992இல், வந்த புதிதில், அகதி விண்ணப்ப நேர்காணலில் தம்பி பிடிபட்டது மாசி மாதம் என்று சொல்லிவிட்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அது பங்குனி என்று நினைவு வந்தது. அடுத்த நாளே திருத்தம் எழுதி அனுப்பினாள். வந்த மறுப்புக் கடிதத்தில் அந்தத் திருத்தமே முதல் காரணமாக இருந்தது. அதைச் சரிக்கட்டி எடுக்க நாலு வருடம் போயிற்று. தம்பி திரும்பி வரவேயில்லை. அதைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது கணவன் பாலேந்திரா சோபாவில், நாரி வலிக்கு முதுகின் கீழே சூட்டுப் பை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் ஊர்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். கார் தரிப்பிடம் ஒன்றில் வேலை. நாரிப்பிடிப்பு வந்ததிலிருந்து வாரத்துக்கு நாலு ஷிப்ட்தான் செய்ய முடிந்தது.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு? உம்மட புலிக்கு ஏதும் நடந்திட்டுதே?"

"புலியில்லையப்பா, சிவிங்கி. அதுக்கு ஒண்டும் இல்லை. அதைப் பாக்கிற மனுசனுக்குத்தான்."

"எதெண்டாலும் ஃபோனில மட்டும் அந்தப் பேரைச் சொல்லிக் கதையாதையும். ஆரும் கேட்டா வேற புலியெண்டு நினைக்கப்போறாங்கள்."

அவள் சிரிக்கவில்லை. கோட்டையும் கழற்றாமல் கதிரை நுனியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். பாலேந்திரா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டான்.

"அந்த மனுசன் வித்திருக்கவும் கூடும். உமக்கு என்னெண்டு தெரியும்?"

"தெரியாதுதான்."

"பிறகென்ன?"

"பதினொண்டு எண்டு எண்ணினது சரியோ எண்டு ஆரும் திருப்பிப் பாக்கேல்லை. ஆறு எண்டு சொன்னதைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்."

"காலமை நாலு மணிக்கு எழும்புறீர். கால் வீங்கிப்போய் வாறீர். இதையும் ஏன் தலையில தூக்கி வைக்கிறீர்? நாளைக்கு அந்தப் பொம்பிளை உம்மை வேண்டாம் எண்டு சொன்னா?"

"ஓம், சொல்லலாம்," என்றாள் பிரமிளா. "நீங்கள் சாப்பிட்டனீங்களே?"

அடுத்த நாள் அவள் பழைய பதிவுக் கோப்புகளை அலுமாரியிலிருந்து இறக்கினாள். இரண்டு தடித்த கோப்புகள். சிவிங்கியின் உடம்பிலுள்ள புள்ளிகள் மனிதரின் கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. அதை வைத்துத்தான் எண்ணுவார்கள். ஆனால் ஒரே விலங்குக்கு இடப்பக்கப் புள்ளிகள் வேறு, வலப்பக்கப் புள்ளிகள் வேறு. பாதையோரத்தில் ஒரு கமரா மட்டும் இருந்தால், போகும்போது இடப்பக்கம் விழும், வரும்போது வலப்பக்கம் விழும். இரண்டும் ஒன்றுதான் என்று அந்தப் படங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

முதல் கோப்பின் முகப்பில் 'இடப்பக்கம்' என்று இருந்தது. உள்ளே ஆறு விலங்குகள். இரண்டாவதில் 'வலப்பக்கம்'. உள்ளே ஐந்து.

யாரோ ஆறையும் ஐந்தையும் கூட்டியிருந்தார்கள்.

பிரமிளாவுக்குக் கோபம் வரவில்லை. வேலை முடிந்ததென்று கோட்டைப் போட்ட பிறகு இன்னொரு மா மூட்டை இருக்கிறது என்று பேக்கரியில் சொல்லும்போது வருமே, அந்தச் சலிப்புத்தான் வந்தது. கூட்டியது பிழையாக இருக்கலாம். ஆனால் இருக்கலாம் என்று மட்டும் சொன்னால், அங்கே விசாரிக்கிறவர்கள் அதை ஒரு சாட்டாகத்தான் எடுப்பார்கள். இடப்பக்கத்து விலங்குதான் வலப்பக்கத்திலும் இருக்கிறது என்று படத்தோடு காட்ட வேண்டும்.

முதலாவது சான்று மார்ச் பொதியிலேயே இருந்தது. ஏழாம் இலக்கக் கமராவுக்கு முன்னால் நின்ற ஒரு புதரைச் சிவிங்கி ஒன்று சுற்றி வந்து மோந்திருந்தது. இரண்டு நிமிடத்துக்குள் மூன்று படங்கள்: இடப்பக்கம், வால், வலப்பக்கம். இடப்பக்கத்தின் புள்ளிகள் முதல் கோப்பின் இரண்டாம் இலக்கத்தோடு பொருந்தின. வலப்பக்கத்தின் புள்ளிகள் இரண்டாம் கோப்பின் நாலாம் இலக்கத்தோடு.

மற்றவற்றுக்காக, 'தெளிவில்லை' என்று ஒதுக்கி வைத்த பெட்டிகளை அவள் திறக்க வேண்டியிருந்தது. பெட்டிகள் ஒன்பது. தலை மட்டும் விழுந்தவை, பின்பக்கம் விழுந்தவை, ஆட்டம் கண்டவை. சந்தையில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கினாள். வேலையில்லாத நாட்களிலும் சாவி வெட்டும் கடைக்காரரிடம் தெருக் கதவைத் திறக்கச் சொல்லி மேலே போய் இருந்தாள். சித்திரை போயிற்று. வைகாசி வந்தது. கண்ணை மூடினால் இமைக்குள்ளே புள்ளிகள் ஓடின. ஒரு நாள் பேக்கரியில் சூடான தட்டைக் கையுறையில்லாமல் பிடித்துவிட்டாள். மேற்பார்வை செய்யும் டொலறஸ், "எங்கேயம்மா உன் கவனம்?" என்று கேட்டு, குளிர்தண்ணீருக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது சோடி ஒரு தண்ணீர்த் தொட்டியில் கிடைத்தது. குடித்துவிட்டுத் திரும்பிய விலங்கு இரு பக்கத்தையும் காட்டியிருந்தது. மூன்றாவதை ஒரு கிழிந்த காது காட்டிக்கொடுத்தது. நாலாவது ஒரு தாய். மூன்று குட்டிகளோடு போயிருந்தது. அவற்றில் ஒன்று நொண்டிக் குட்டி. அடுத்த நாள் அதே நொண்டிக் குட்டியோடு மறுபக்கம் காட்டித் திரும்பி வந்திருந்தது.

ஐந்தாவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் கோப்பின் கடைசி இலக்கம் ஒரே ஒரு படம்தான். 2002 இலையுதிர் காலம், மாலை வெளிச்சம், பாதி உடம்பு. அது ஆறில் சோடி சேராமல் மிஞ்சிய இரண்டில் ஒன்றாகவும் இருக்கலாம், ஏழாவதாகவும் இருக்கலாம். அந்தப் படத்தோடு அவள் முழுதாக ஒரு வாரம் மாரடித்தாள். பிறகு எடுத்துத் தனியே வைத்துவிட்டாள்.

கோப்புகளைத் தயாரித்தவர் பரமேஸ்வரன். ஈப்போவிலிருந்து படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழர். காப்புறுதி நிறுவனமொன்றில் புள்ளிவிபரப் பகுதியில் இருந்து ஓய்வுபெற்றவர். தொண்டு நிறுவனத்தின் அறங்காவலர்களில் ஒருவர். சிவன் கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டும்போது பக்கத்திலிருந்த பிரமிளா விலங்கியல் படித்தவள் என்று தெரிந்து, பியற்றிஸிடம் கூட்டிப்போனவர் அவர்தான். அவரிடம் சொல்லாமல் மேலே போக அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மோர்டனுக்கு ரயிலேறினாள்.

கதவைத் திறந்தவர் போன வருடத்தைவிட மெலிந்திருந்தார். மனைவி இறந்து எட்டு மாதமாகியிருந்தது. கூடத்து மேசையில் உடைக்காத கடிதங்கள் குவிந்து கிடந்தன.

"வாங்க வாங்க பிரமிளா, உட்காருங்க. டீ போடட்டுமா?"

"வேண்டாம் அண்ணை. முதல் இதைப் பாருங்கோ."

படங்களை மேசையில் சோடி சோடியாக வைத்தாள். அவர் பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். முதல் சோடியை வெகுநேரம் பார்த்தார். இரண்டாவதை அதைவிடக் குறைவாக. மூன்றாவதை ஒரு தடவை பார்த்தார். நாலாவதைப் பார்க்கவேயில்லை. கண்ணாடியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரிதாம்மா. எல்லாம் சரி."

"அண்ணை, நீங்கள் எண்ணினது பிழையெண்டு சொல்ல நான் வரேல்லை..."

"நான் பதினொண்ணுன்னு எழுதலை. குறைஞ்சது ஆறுன்னுதான் எழுதிக் கொடுத்தேன். ரெண்டு லிஸ்ட்டையும் கூட்டக்கூடாதுன்னு கீழே குறிப்புகூடப் போட்டேன். பிரசுரம் தயார் பண்ணவங்க யாரோ கூட்டிட்டாங்க." அவர் நிறுத்தினார். "அச்சடிச்சு வந்ததைப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும். ஆறாயிரம் பிரதி. எல்லோரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க. அடுத்த வருஷம் திருத்திக்கலாம்னு விட்டுட்டேன். அடுத்த வருஷம் அவளுக்கு உடம்பு முடியாமப் போச்சு. அப்புறம் அந்த நம்பரைப் பார்த்தாலே பக்கத்தைத் திருப்பிடுவேன்."

பிரமிளா படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு குலாம்ரெசாவைப் பற்றிச் சொன்னாள். அறங்காவலர்களுக்கு அது இன்னும் தெரிவிக்கப்படவில்லை. பரமேஸ்வரனின் முகம் கறுத்துப்போயிற்று.

"இடைநிறுத்திட்டாங்களா? என்னோட நம்பருக்காகவா?"

"ஓம் அண்ணை. ஜூலையில திரும்ப விசாரணை."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். கேத்தல் கொதித்து அடங்கிய பிறகும் வரவில்லை. பிரமிளா போய்ப் பார்த்தபோது இரண்டு வெறுங் கோப்பைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவளே தேத்தண்ணீர் ஊற்றினாள்.

"அறங்காவலர் கூட்டத்தில நான் சொல்றேன்," என்றார். "நீங்க சொல்ல வேணாம். நான்தான் சொல்லணும்."

திங்கட்கிழமை பியற்றிஸுக்குக் காட்டினாள். பியற்றிஸ் மறுக்கவில்லை. படங்களைப் பார்த்து முடித்ததும் சுவரிலிருந்த வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றார். லண்டன் மாநகரை இரண்டு தடவை உள்ளே வைக்கக்கூடிய அந்தக் காப்பகத்துக்கு ஆறு காவலர்களும் இரண்டு மோட்டார் சைக்கிள்களும்தான். கிட்டிய பட்டணத்துக்கு நாலு மணி நேரம் ஓட வேண்டும். வரைபடத்தின் தெற்கு மூலையில் அவர் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார்.

"இது சுரங்க நிறுவனம் கேட்கிற சாலை. மூன்று வருடமாக இதைத் தடுத்து வைத்திருப்பது அந்தப் பதினொன்றுதான். தப்பிப் பிழைக்கக்கூடிய கூட்டம் என்று சொல்லித்தான் தடுத்தேன். ஆறு என்று நாங்களே எழுதிக் கொடுத்தால், ஆறுக்காக யார் ஒரு சாலையைத் திருப்புவார்கள்? எங்களுக்குப் பணம் தருகிற அறக்கட்டளை என்ன சொல்லும்?" அவர் திரும்பினார். "ஒக்டோபர் வரை பொறுக்கலாமா, பிரமிளா? சாலை பற்றிய முடிவு அதற்குள் வந்துவிடும்."

அவர் சொன்னது பொய்யில்லை. அதனாலேயே பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. அந்த விலங்குகளுக்காக இந்தப் பெண்மணி கலியாணம், வீடு, ஓய்வு எல்லாவற்றையும் விட்டவர் என்று பிரமிளாவுக்குத் தெரியும்.

"ஜூலையில் அவரை மறுபடி கூப்பிடுவார்கள்," என்றாள். "மற்ற ஐந்தும் எங்கே என்று கேட்பார்கள். இல்லாததை அவர் எங்கே போய்க் காட்டுவார்?"

 அன்று முழுக்கப் பியற்றிஸின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. ஐந்து மணிக்குத் திறந்து, "கூட்டத்தை ஜூன் பதினைந்துக்கு வைக்கிறேன்," என்று மட்டும் சொன்னார்.

அறங்காவலர்கள் ஏழு பேர் வந்தார்கள். கதிரை போதாமல், கீழே கடையிலிருந்து இரண்டு முக்காலி எடுத்து வந்தார்கள். பரமேஸ்வரன் கோட்டும் டையும் அணிந்து வந்திருந்தார். எழுந்து நின்று, எழுதி வந்த ஒரு தாளை ஆங்கிலத்தில் வாசித்தார். எண் எப்படி வந்தது, தான் எப்போது அறிந்தேன், ஏன் பேசாமல் இருந்தேன் என்பதெல்லாம் அதில் இருந்தது. கடைசி வரி வந்ததும் தாளை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். அதையும் வாசித்து முடித்தார்.

 பிறகு ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். ஆறு முதல் பதினொன்று வரை என்று எழுதிவிட்டால் என்ன? அது பொய்யும் ஆகாது. யாருக்கும் சங்கடமும் இல்லை.

பியற்றிஸ் பிரமிளாவைப் பார்த்தார். "படங்களைப் பார்த்தவர் நீங்கள். நீங்களே சொல்லுங்கள்."

பிரமிளா எழுந்தாள். காலையிலிருந்து நின்ற கால் வலித்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினொன்று இல்லை. நாலு சோடி நிச்சயம், அவை ஒன்றேதான். ஐந்தாவதை என்னால் சொல்ல முடியாது. அதனால் ஆறு, இல்லாவிட்டால் ஏழு."

"ஏழு என்றால், ஒன்று உண்மையாகவே காணாமல் போயிருக்கலாம் அல்லவா?" என்று கேட்டார் வழக்கறிஞர்.

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆறு என்றே சொல்லி முடித்துவிட்டால், அங்கே அந்த மனிதர் முழுதாகத் தப்புவார். யாரும் அவளைத் திருப்பிச் சோதிக்கப் போவதில்லை.

"ஓம், போயிருக்கலாம்," என்றாள். "அது எனக்குத் தெரியாது."

கடிதம் அன்றைக்கே எழுதப்பட்டது. தவறு லண்டனுடையது என்று முதல் வரியிலேயே இருந்தது. நாலு சோடிப் படங்களும் இணைக்கப்பட்டன. பியற்றிஸ் கையெழுத்துப் போட்டார். பரமேஸ்வரன் அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டு, அறங்காவலர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதத்தையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். படியிறங்கும்போது பிரமிளா பின்னால் போனாள்.

"அண்ணை, வீட்டில தனியா இருந்து யோசிக்காதேங்கோ."

"யோசிக்க ஒண்ணும் இல்லைம்மா. ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னிக்குத் தூங்குவேன்னு நினைக்கிறேன்," என்றார் அவர்.

ஓகஸ்ட் கடைசியில் முடிவு வந்தது. நாலு விலங்குகளைப் பற்றிய குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஒன்றைப் பற்றியது தீர்க்கப்படாமல் பதிவில் இருக்கும். குலாம்ரெசாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தலைமைக் காவலராக அல்ல. வடக்கு வாசலில் சாதாரணக் காவலராக. அந்த ஒன்றுதான் அவருடைய பதவியைத் தின்றது என்று பிரமிளாவுக்கு விளங்கியது. கூட்டத்தில் தான் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் என்று பல நாள் பேக்கரியில் மா பிசைந்துகொண்டே நினைத்தாள். நினைத்து நினைத்து, அதற்கும் களைத்துப்போனாள்.

அவரிடமிருந்து ஒரு கடிதமும் வந்தது. தெஹ்ரானில் யாரோ ஆங்கிலத்தில் மாற்றி எழுதியிருந்தார்கள். நன்றி என்ற சொல் அதில் ஒரு தடவைதான் இருந்தது. மிச்சமெல்லாம் இப்படி இருந்தது:

'பதினொன்று என்று லண்டனிலிருந்து கடிதம் வந்த நாள் முதல் நான் மற்ற ஐந்தையும் தேடினேன். ஆறை மட்டும் தெரிந்து வைத்திருப்பது என் குறை என்று நினைத்தேன். மோட்டார் சைக்கிள் போகாத இடங்களுக்கு நடந்து போனேன். மூன்று குளிர்காலம் மலைக்குகைகளில் படுத்தேன். என் முழங்கால்கள் அங்கேதான் கெட்டன. அவை இல்லை என்று இப்போது எழுதியிருக்கிறீர்கள். அவற்றை யாரும் கொல்லவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம். வடக்கு வாசலில் நாற்காலி உண்டு.'

பியற்றிஸ் அதை வாசித்துவிட்டு வெகுநேரம் மடியில் வைத்திருந்தார்.

செப்டெம்பரில் அறக்கட்டளை நிதியுதவியை நிறுத்தியது. எண்ணைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை; வேறு இடங்களுக்கு முன்னுரிமை என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பியற்றிஸ் அலுவலகத்தை மூடித் தன் வீட்டு மாடி அறைக்குக் கொண்டுபோனார். பிரமிளாவுக்குக் கொடுக்க வேலை இல்லை. "நீங்கள் செய்தது சரி," என்று அவர் கடைசி நாளில் சொன்னார். "எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்."

"எனக்குத் தெரியும்," என்றாள் பிரமிளா.

கடைசிப் பொதியை அவள் அன்றைக்குத்தான் ஏற்றி முடித்தாள். தெற்குக் கமரா ஒன்றில் மனிதர்கள் விழுந்திருந்தார்கள். மஞ்சள் மேலங்கி போட்ட நாலு பேர், கையில் அளவு நாடா, நிலத்தில் வரிசையாக அடித்த முளைகள். அந்தப் படத்துக்கும் தேதியும் இலக்கமும் போட்டுப் பதிந்துவிட்டு, சாவியை மேசையில் வைத்தாள்.

பேக்கரியில் முழுநேரம் கேட்டாள். கொடுத்தார்கள். இப்போது காலை ஐந்து முதல் பிற்பகல் மூன்று வரை.

முழுநேரம் தொடங்கிய முதல் வாரம், வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண்ணைச் சொருகிற்று. யாரோ தோளில் தட்ட விழித்தபோது பஸ் நின்றிருந்தது. உள்ளே வேறு யாரும் இல்லை. கடைசித் தரிப்பிடம் என்று சாரதி சொன்னார். அவளுக்குப் பழக்கமில்லாத தெரு. மழை தூறிக்கொண்டிருந்தது. திரும்பும் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்து வீட்டுக்கு ஃபோன் எடுத்தாள்.

"எங்கை நிக்கிறீர்?" என்றான் பாலேந்திரா.

"நித்திரை கொண்டிட்டனப்பா. எங்கையோ கடைசியில நிக்கிறன்."

"ஏறி வர ஏலுமே?"

ஏலும் என்றுதான் சொல்ல நினைத்தாள். வாயிலிருந்து, "ஏலாது," என்று வந்தது.

 அந்தப் பக்கம் சோபாவிலிருந்து அவன் மெல்ல எழும்பும் அரவம் கேட்டது. நாரி வலித்ததில் ஒரு முனகல்.

"உங்களுக்கும் ஏலாதே, நீங்கள் வரவேண்டாம்..."

"அங்கையே இரும். பஸ் நம்பரைச் சொல்லும். வாறன்."

அவள் நம்பரைச் சொன்னாள். ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு, மா ஒட்டியிருந்த சப்பாத்துகளைக் கழற்றினாள். கால்களை வாங்கின்மேல் நீட்டிக்கொண்டு, மழைக்கு அப்பால் தெருவைப் பார்த்தபடி இருந்தாள்.